காற்றழுத்த சென்சாரை மைக்ரோகன்ட்ரோலரில் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே முக்கியமாகப் பேசப்போவது பாஷ் சென்சார்டெக் நிறுவனத்தின் பிஎம்பி280 பற்றி. இன்று ஹாபி போர்டுகளில் அதிகம் தென்படுவது அதுதான். பழைய பிஎம்பி180-க்கும், ஈரப்பதமும் சேர்த்து அளக்கும் பிஎம்இ280-க்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும். முகவரி, ரெஜிஸ்டர் (சில்லுக்குள் இருக்கும் சிறு நினைவக இடம்) எண், ரெஜிஸ்டரில் எழுதும் மதிப்பு, டி0 ரெஜிஸ்டரில் வரும் அடையாள எண் நான்கும் ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்ணில், தரப்பட்டுள்ளன. மற்ற எண்கள் எல்லாம் வழக்கமான தசம எண்கள்.

இந்தச் சின்னச் சில்லுக்குள் என்னதான் நடக்கிறது?

2 மி.மீ.க்கு 2.5 மி.மீ. அளவில் ஓர் உலோக மூடி, அதில் ஊசிமுனை அளவு துளை. உள்ளே மெல்லிய சிலிக்கான் படலம், அதற்குப் பின்னால் வெற்றிடம். வெளிக்காற்று அழுத்தும்போது படலம் மத்தளத் தோல் போல லேசாக வளையும். அதில் பதித்திருக்கும் மின்தடைகளின் மதிப்பு அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தைச் சில்லே எண்ணாக்கித் தருகிறது.

ஒரு சிக்கல்: சிலிக்கான் அழுத்தத்துக்கு மட்டுமல்ல, வெப்பத்துக்கும் அசையும். அதனால் உள்ளேயே ஒரு வெப்பநிலை சென்சாரும் இருக்கிறது. ஒவ்வொரு சில்லையும் தொழிற்சாலையில் சோதித்து, அதற்கே உரிய திருத்த எண்களை அதன் நினைவகத்தில் எழுதி அனுப்புகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பாதிப் பிரச்சினை இந்த எண்களைச் சுற்றியே வரும்.

5 வோல்ட் கொடுக்கலாமா?

சில்லுக்குக் கூடாது. அது 1.71 முதல் 3.6 வோல்ட் வரைதான் தாங்கும். சில போர்டுகளில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும் சிக்னலின் மின்னழுத்தத்தை மாற்றும் லெவல் ஷிஃப்டரும் இருக்கும், அவற்றுக்கு 5 வோல்ட் தரலாம். ஆறு பின் கொண்ட மலிவான சிறு போர்டுகளில் பெரும்பாலும் வெறும் சில்லும் சில மின்தடைகளும் மின்தேக்கிகளும்தான். போர்டைத் திருப்பிப் பாருங்கள். மூன்று கால் கொண்ட ரெகுலேட்டர் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள்.

ஆர்டுயினோ ஊனோ போன்ற 5 வோல்ட் போர்டில் மின்சாரத்தை 3.3 பின்னிலிருந்து எடுத்துவிட்டால் மட்டும் போதாது, சிக்னல் வயர்களும் 5 வோல்ட்டில் இருக்கக்கூடாது. இரண்டு வயரில் தரவு அனுப்பும் ஐ2சி முறையில், வயரை உயர்நிலைக்கு இழுத்துவைக்கும் இழுப்பு மின்தடைகள் (புல்-அப்) 3.3 பக்கம் இருந்தால் பலருக்கும் ஓடிவிடுகிறது. நிரந்தரமாக வைக்கப்போகும் கருவி என்றால் லெவல் ஷிஃப்டர் போடுவதே சரி.

ஐ2சி-யா, எஸ்பிஐ-யா?

ஒன்றிரண்டு சென்சார், குட்டை வயர் என்றால் ஐ2சி. நிறைய சென்சார், அதிக வேகம் என்றால், பொதுவாக நான்கு வயர் கேட்கும் எஸ்பிஐ. இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

“சென்சார் கிடைக்கவில்லை” என்றே வருகிறது. சில்லு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் முகவரியை, அதாவது ஐ2சி-யில் சில்லை அழைக்கும் எண்ணை, பாருங்கள். எஸ்டிஓ பின் தரையோடு சேர்ந்திருந்தால் முகவரி 76, மின்சாரப் பக்கம் சேர்ந்திருந்தால் 77. அடாஃப்ரூட் லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) தானாகத் தேடுவது 77-இல், கடைகளில் கிடைக்கும் பல சிறு போர்டுகள் இருப்பது 76-இல். இந்த ஒரு வித்தியாசத்தால் நல்ல சென்சார்கள் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கும். எஸ்டிஓ-வை எதிலும் சேர்க்காமல் தொங்கவிடாதீர்கள். போர்டிலேயே மின்தடை இல்லையென்றால் முகவரி எது என்று சில்லுக்கே நிச்சயமில்லை.

அடுத்தது சிஎஸ்பி பின். ஐ2சி வேண்டுமென்றால் அது உயர்நிலையில் இருக்க வேண்டும். ஒரு கணம் தாழ்ந்தாலும் சில்லு எஸ்பிஐ-க்கு மாறிவிடும், மின்சாரத்தை நிறுத்திப் போடும் வரை திரும்பாது. “காலையில் ஓடியது, இப்போது ஓடவில்லை” என்ற புகார்களில் ஒரு பகுதிக்கு இதுதான் காரணம்.

எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரின் எச்ஏஎல் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று: அங்கே முகவரியை ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தித் தரவேண்டும். 76 என்பது இசி ஆகும், 77 என்பது இஇ ஆகும்.

முகவரி சரி, முகவரிகளைத் தேடும் ஸ்கேனர் நிரலிலும் தெரிகிறது. ஆனாலும் லைப்ரரி ஏற்க மறுக்கிறதே?

டி0 ரெஜிஸ்டரைப் படியுங்கள். 58 வந்தால் பிஎம்பி280, 60 வந்தால் பிஎம்இ280, 55 வந்தால் பிஎம்பி180. வாங்கியது ஒன்று, கையில் வந்தது வேறு என்பது இந்தச் சந்தையில் சாதாரணம். பிஎம்இ280 கேட்டவருக்கு ஈரப்பதம் அளக்காத பிஎம்பி280 வருவதுதான் அதிகம். போர்டின் மேல் அச்சிட்டிருப்பதை நம்பாமல் டி0 சொல்வதை நம்புங்கள். முகவரி ஒன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது. எம்எஸ்5611 என்ற முற்றிலும் வேறான சென்சாரும் இதே 76, 77-இல்தான் உட்கார்ந்திருக்கும்.

லைப்ரரி இல்லாமல் நானே படிக்க முடியுமா?

தாராளமாக. ஒருமுறையாவது அப்படிப் படித்துப் பாருங்கள், அப்புறம் எந்த லைப்ரரியும் மாயமாகத் தெரியாது.

வேலை நான்கு கட்டம். முதலில் 88-இலிருந்து 24 பைட் திருத்த எண்களைப் படிக்க வேண்டும். அதில் வெப்பத்துக்கு 3, அழுத்தத்துக்கு 9, மொத்தம் 12 எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு பைட். இவை மாறாது என்பதால் தொடக்கத்தில் ஒருமுறை படித்தால் போதும். இரண்டாவது, எஃப்5-இல், அளவுகளின் ஆட்டத்தைக் குறைக்கும் வடிகட்டியின் அமைப்பையும் எஃப்4-இல் அளவீட்டு முறையையும் எழுத வேண்டும். எஃப்5-ஐ முதலில் எழுதுங்கள், சில்லு தொடர்ந்து அளந்துகொண்டிருக்கும்போது எழுதினால் அது புறக்கணிக்கப்படலாம். மூன்றாவது, எஃப்7-இலிருந்து ஆறு பைட்டையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் பாதி பழைய அளவும் பாதி புதிய அளவும் கலந்துவிடும். நான்காவது, கணக்கு.

தரவுத்தாளில் உள்ள மாதிரியையே போட்டுப் பார்ப்போம். அழுத்தத்துக்கு வந்த மூன்று பைட் 101, 90, 192 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 பிட்: 101 × 4096 + 90 × 16 + 192 ÷ 16 = 415148. வெப்பத்துக்கு 126, 237, 0 வந்தால் 519888. இவை பாஸ்கலும் இல்லை, டிகிரியும் இல்லை, வெறும் கச்சா எண்கள். வெப்பத்தின் திருத்த எண்கள் 27504, 26435, −1000 என்றால்:

முதல் பகுதி = (519888 ÷ 16384 − 27504 ÷ 1024) × 26435 = சுமார் 128793
இரண்டாம் பகுதி = (519888 ÷ 131072 − 27504 ÷ 8192)² × (−1000) = சுமார் −371
கூட்டினால் 128422. அதை 5120-ஆல் வகுத்தால் 25.08 டிகிரி செல்சியஸ்.

அந்த 128422 அழுத்தக் கணக்குக்கும் போகிறது, அதனால் வெப்பநிலை வேண்டாம் என்றாலும் அதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும். அழுத்தச் சூத்திரம் நீளம், தரவுத்தாளில் அப்படியே இருக்கிறது, இங்கே திருப்பி எழுதவில்லை. அதே மாதிரி எண்களுக்கு விடை 100653 பாஸ்கல், அதாவது 1006.53 ஹெக்டோபாஸ்கல் வரவேண்டும். உங்கள் நிரலில் இந்த எண்களைப் போட்டு இந்த விடை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கணக்கு சரி, இனி சந்தேகம் வயரின் மேல்தான்.

அதே நிரல் ஊனோவில் சரியாகவும் இஎஸ்பி32-இல் ஐந்து டிகிரி அதிகமாகவும் காட்டுகிறது. ஏன்?

நல்ல கேள்வி, ஏனென்றால் இந்தப் பிழை கண்ணில் படாது. மேலே பார்த்த −1000 சில்லுக்குள் இரண்டு பைட்டாக இருக்கிறது. குறியைப் பார்க்காமல் படித்தால் அதே பைட்டுகள் 64536 ஆகும். ஊனோவில் சாதாரண முழுஎண் வகை 16 பிட், ஆகவே அது தானாகவே −1000 என்று புரிந்துகொள்கிறது. இஎஸ்பி32-இல் அதே வகை 32 பிட், அங்கே 64536-ஆகவே நின்றுவிடும். மேல் கணக்கில் போட்டால் 25.08-க்குப் பதில் 29.83 வரும். பைத்தியக்கார எண் வந்திருந்தால் உடனே சந்தேகப்பட்டிருப்போம். 29.83 என்பதைப் பார்த்தால் அறை கொஞ்சம் சூடு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

வெப்பத்தின் முதல் எண்ணும் அழுத்தத்தின் முதல் எண்ணும் மட்டும் குறியில்லாதவை. மற்ற பத்தையும் வெளிப்படையாக 16 பிட் குறியுள்ள வகையில் அறிவியுங்கள். இன்னொன்று: திருத்த எண்களில் சிறிய பைட் முதலில் வரும் (112, 107 என்று வந்தால் 112 + 107 × 256 = 27504), அளவீட்டில் பெரிய பைட் முதலில் வரும். பிஎம்பி180-இல் திருத்த எண்களிலும் பெரியதுதான் முதலில். அதன் நிரலைப் பார்த்து எழுதுகிறவர்கள் இங்கே வழுக்குவார்கள்.

கச்சா எண் எப்போதும் 524288 என்றே வருகிறது.

சில்லு இன்னும் அளக்கவே இல்லை. மின்சாரம் போட்டதும் தரவு ரெஜிஸ்டர்களில் இருக்கும் இயல்பு மதிப்பு அது. மின்சாரம் வந்ததும் சில்லு தூக்க நிலையில்தான் இருக்கும், எஃப்4-இல் எழுதி எழுப்ப வேண்டும். முதல் அளவு மட்டும் நன்றாக வந்து அப்படியே உறைந்துவிட்டால், ஒருமுறை அளக்கும் முறையைப் போட்டுவிட்டு மறுபடி தூண்டவில்லை என்று பொருள். அந்த முறையில் ஒவ்வோர் அளவுக்கும் எஃப்4-ஐ மீண்டும் எழுத வேண்டும்.

எண்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. வடிகட்டியை முழுக்க ஏற்றிவிடலாமா?

எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மிகக் குறைந்த அமைப்பில் இந்த ஆட்டம் (நாய்ஸ்) 3.3 பாஸ்கல் அளவு. அழுத்தத்தை 16 முறை அளந்து சராசரி எடுத்து, வடிகட்டியையும் 16-இல் வைத்தால் 0.2 பாஸ்கல் வரை இறங்கும். உயரத்தில் அது இரண்டு செ.மீ.க்கும் குறைவு, பெரிய விஷயம்தான். ட்ரோன், மாடி எண்ணுவது போன்ற வேலைகளுக்கு எஃப்5-இல் 10, எஃப்4-இல் 57 எழுதினால் இந்த அமைப்பு கிடைக்கும்.

விலை என்னவென்றால், வடிகட்டி 16-இல் இருக்கும்போது திடீர் மாற்றத்தின் முக்கால் பங்கைக் காட்டவே 22 அளவுகள் பிடிக்கும். நொடிக்கு இருபது அளவுக்கு மேல் எடுக்கும்போது அது ஒரு நொடிதான். வானிலைக்காக நிமிடத்துக்கு ஓர் அளவு எடுத்துக்கொண்டு இதே வடிகட்டியைப் போட்டால் 22 நிமிடம் பின்தங்கி ஓடும்! வானிலைக்கு வடிகட்டி வேண்டாம். எஃப்4-இல் 25 எழுதி, ஒருமுறை அளந்து தூங்கவிடுங்கள்.

கடற்கரையில் இருக்கிறேன். உயரம் 69 மீட்டர் என்கிறது. சென்சார் பொய் சொல்கிறதா?

சென்சார் உயரத்தை அளக்கவே இல்லை, அழுத்தத்தை அளக்கிறது. உயரம் என்பது அதன்மேல் நாம் போடும் கணக்கு:

உயரம் = 44330 × (1 − (அளந்த அழுத்தம் ÷ கடல்மட்ட அழுத்தம்)^0.1903)

கடல்மட்ட அழுத்தம் என்ற இடத்தில் எல்லோரும் 1013.25 என்று போடுகிறார்கள். அது ஏட்டுச் சராசரி. இன்று உங்கள் இடத்தில் உண்மையான கடல்மட்ட அழுத்தம் 1005 என்றால், கடலோரம் நிற்கும் உங்களை இந்தக் கணக்கு 69 மீட்டர் மேலே தூக்கி வைக்கும். 1018 என்றால் நாற்பது மீட்டர் கீழே அமுக்கும். தாழ்ந்த இடங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ எட்டரை மீட்டர்.

சில்லின் முழு அளவுத் துல்லியமே வழக்கமாக ±1 ஹெக்டோபாஸ்கல்தான். சாலிடர் சூட்டிலும் வருடக் கணக்கிலும் இன்னும் கொஞ்சம் நகரும். ஆனால் இந்த நிமிடத்துக்கும் அடுத்த நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது பிரமாதமாகப் பிடிக்கும். மேசையிலிருந்து தரைக்கு இறக்கினாலே, மேலே சொன்ன வடிகட்டியோடு, எண் மாறுவதைப் பார்க்கலாம். ஆகவே “நான் எங்கே இருக்கிறேன்” என்று கேட்காமல் “எவ்வளவு ஏறினேன்” என்று கேளுங்கள். புறப்படும் இடத்து அழுத்தத்தைச் சூத்திரத்தில் கடல்மட்ட அழுத்தத்தின் இடத்தில் போட்டால் அங்கிருந்து ஏறிய உயரம் நேராக வரும். நீண்ட நேரப் பயணத்தில் வானிலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவ்வப்போது பூஜ்ஜியத்தைத் திருத்த வேண்டும்.

வானிலைச் செய்தியில் 1010, என் சென்சாரில் 910. நூறு எங்கே போனது?

நீங்கள் மேட்டில் இருக்கிறீர்கள். வானிலைச் செய்தியில் வருவது கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட எண். 900 மீட்டர் உயரத்தில் உண்மை அழுத்தம் சுமார் 910 இருப்பது சரியே. ஒப்பிட வேண்டுமென்றால் அளந்ததை (1 − உயரம் ÷ 44330)^5.255 என்பதால் வகுங்கள்.

இரண்டு சென்சார் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். எது சரி?

இரண்டுமே தரவுத்தாளின்படி சரி. ஒரு நாள் முழுக்க அருகருகே ஓடவிட்டு, சராசரி வித்தியாசத்தை ஒன்றிலிருந்து கழித்துவிடுங்கள்.

அழுத்தக் கிராஃப் தினமும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. வெயில் பட்டு சென்சார் ஏமாறுகிறதா?

இல்லை, அது நிஜம். சூரியன் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் காற்றிலும் ஓதம் உண்டு. காலை பத்து மணி வாக்கிலும் இரவு பத்து மணி வாக்கிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அதிகாலை நான்கு, மாலை நான்கு வாக்கில் தாழும். வெப்பமண்டலத்தில் இந்த ஏற்ற இறக்கம் சில ஹெக்டோபாஸ்கல் வரை வரும், துருவங்களை நோக்கிப் போகப்போகக் குறையும்.

பலருடைய “புயல் எச்சரிக்கை” நிரல் இங்கேதான் சொதப்பும். மூன்று மணி நேரத்தில் இத்தனை குறைந்தால் மழை என்ற விதிகள் குளிர்நாடுகளின் வானிலையை வைத்து எழுதப்பட்டவை. அவற்றை வெப்பமண்டலத்தில் அப்படியே போட்டால், வானம் தெளிவாக இருக்கும் பிற்பகலிலும் மணி அடித்துக்கொண்டிருக்கும். இப்போதைய அளவை நேற்று இதே நேரத்து அளவோடு ஒப்பிடுங்கள். தினசரி ஓதம் கழிந்துபோய், வானிலை மாற்றம் மட்டும் மிஞ்சும்.

வெப்பநிலை எப்போதும் இரண்டு டிகிரி அதிகமாகக் காட்டுகிறதே?

அது காட்டுவது சில்லின் வெப்பம், அறையின் வெப்பம் அல்ல. பக்கத்தில் ரெகுலேட்டரோ வைஃபை சில்லோ இருந்தால் அந்தச் சூடு வந்து சேரும். அழுத்தக் கணக்குக்கு வேண்டியதே சில்லின் வெப்பம்தான், அதனால் அங்கே பாதிப்பு இல்லை. அறை வெப்பம் வேண்டுமென்றால் சென்சாரைச் சில செ.மீ. வயரில் தள்ளி வையுங்கள், ஓய்வாக அளக்கவிடுங்கள்.

பெட்டியில் எப்படி வைப்பது?

காற்று புகாமல் அடைத்தால் நீங்கள் செய்தது தெர்மாமீட்டர். மூடிய பெட்டியில் ஒரு டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் சுமார் 3.4 ஹெக்டோபாஸ்கல் ஏறிவிடும். ஆகவே கீழ்ப்பக்கம் ஒரு சிறு துளை கட்டாயம். ஆனால் துளைக்கு நேரே காற்று வீசக்கூடாது. நொடிக்கு 10 மீட்டர் காற்று நேராக மோதினால் 60 பாஸ்கல் கூடும், உயரத்தில் ஐந்து மீட்டர் பிழை. சென்சாரின் மேல் சிறு பஞ்சுத் துண்டு வைத்தால் இந்தத் துடிப்பு அடங்கும், கூடவே வெளிச்சமும் மறையும். சில்லின் துளை வழியே வலுவான ஒளி பட்டாலும் சிலிக்கானில் மின்னோட்டம் உண்டாகி அளவு நகரும். ஈரத்துக்குப் பயந்து துளையின் மேல் பசை ஊற்றிவிடாதீர்கள்.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

சென்சாரைப் பற்றிக் கவலையே வேண்டாம். நொடிக்கு ஓர் அளவு எடுத்தாலும் சுமார் 2.7 மைக்ரோஆம்பியர்தான், தூக்கத்தில் 0.1. பேட்டரியைத் தின்பது போர்டின் ரெகுலேட்டர், எப்போதும் எரியும் எல்இடி, தூங்காத மைக்ரோகன்ட்ரோலர். கணக்கை அங்கிருந்து தொடங்குங்கள்.

இதை வைத்துத் தண்ணீர்த் தொட்டி மட்டம் அளக்கலாமா?

நீருக்குள் போட முடியாது. ஆனால் தொட்டியின் அடிவரை ஒரு குழாயை இறக்கி, மேல் முனையில் சென்சாரைக் காற்றுக்கசிவு இல்லாமல் பொருத்தினால், குழாய்க்குள் அடைபட்ட காற்று நீர்மட்டத்துக்கேற்ப அழுத்தப்படும். குழாய்க்குள் நீர் ஏறுவதைவிட வெளியே எத்தனை செ.மீ. உயரமோ, செ.மீ.க்கு 0.98 ஹெக்டோபாஸ்கல் கூடும். இரண்டு கட்டுப்பாடு: சென்சாரின் வரம்பு 1100 என்பதால் கடல்மட்ட இடங்களில் 85 செ.மீ. வாக்கில் எல்லை வந்துவிடும், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிக்க இரண்டாவது சென்சார் ஒன்றும் வேண்டும். ஒன்றை 76-இலும் மற்றதை 77-இலும் வைத்தால் அதே இரண்டு வயரில் ஓடும். குழாய்க்குள் இருக்கும் காற்று நாளடைவில் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். அதனால் அவ்வப்போது குழாயை நீருக்கு மேலே தூக்கிக் காற்றை நிரப்பி மறுபடி இறக்க வேண்டும்.